பிள்ளையார் கோடரி

12 ஜூன் 2025, வியாழன்

இன்று அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். வாசலை ஒட்டிய முதல் பெட்டி இன்னும் காலி. ‘இந்த மண்ணின் முதல் மனிதர்கள்’ என்று பலகை மட்டும் தொங்குகிறது. சோழர் நாணயம், செங்கல், விளக்கு எல்லாம் இருக்கின்றன. ராஜா வருவதற்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஆளே இல்லாதது போல! காப்பாட்சியர் என்று எனக்கு ஒரு பதவி வேறு.

சாயங்காலம் ஒரு ஆசிரியர் போட்டோ அனுப்பினார். ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புக்குள் ஒரு சின்னக் கோயில். அங்கே பிள்ளையாராகக் கும்பிடும் கல். உள்ளங்கையளவு, எண்ணெய்க் கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் கூர்.

மேகலா, பதறாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது கற்காலக் கோடரி.

20 ஜூன், வெள்ளி

அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நேரே கிளம்பிப் போய்விட்டேன். பூசாரி பாலசுந்தரம் முந்திரி விவசாயி, மரியாதை தெரிந்த மனிதர். மோர் கொடுத்தார். கல்லைத் தொடத்தான் விடவில்லை. “பொம்பளைங்க தொடுறதில்லைங்க. பங்காளிங்க நாங்க மட்டுந்தான்.” எட்ட நின்று நீட்டி நீட்டிப் பார்த்ததில் கழுத்து வலிதான் மிச்சம். ஆனால் சந்தேகமே இல்லை. தேய்த்து மெருகேற்றிய கோடரி, சோழருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தியது.

கல்லை அருங்காட்சியகத்துக்குத் தர முடியுமா என்று கேட்டும்விட்டேன். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் முறைத்தார். “சாமிய கண்ணாடிப் பொட்டிக்குள்ள பூட்டி வப்பீங்களா?”

பூசாரிதான் வழி சொன்னார். “பூ கட்டிப் பாத்துடுவோம். சாமி வரேன்னா அழைச்சிட்டுப் போங்க. மாட்டேன்னா அப்பறம் இந்தப் பேச்சே கூடாது.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

21 ஜூன், சனி

கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கடிதம் போட்டால் போலீஸோடு போய் எடுத்து வரலாம். போடவில்லை. பிடுங்கி வந்த பொருளை வைத்துக்கொண்டு எந்த வாயால் வரலாறு பேசுவது?

4 ஜூலை, வெள்ளி

கற்காலக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு பூ முடிவு செய்கிறது. துறையில் சொன்னால் சிரிப்பார்கள். வெள்ளைப் பூ என்றால் வரும், சிவப்பு என்றால் வராது. வழக்கமாகக் குழந்தையை விட்டு எடுப்பார்களாம். கொளஞ்சியம்மாள் நானே எடுப்பேன் என்று அடம்பிடித்தார். இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை நந்தியாவட்டை!

குதித்திருப்பேன். அவர் அழுததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

7 ஜூலை, திங்கள்

மேளம் அடித்து மினி லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே பொழுது போய்விட்டது. கூர்ப்பக்கம் சிறு சிறு சில்லுகள் பெயர்ந்திருக்கின்றன. மழுங்கியதை மறுபடி மறுபடி தீட்டியிருக்கிறார்கள். இதை மரப்பிடியில் கட்டிக்கொண்டு யாரோ மரம் வெட்டியிருக்கிறார், அவருக்குக் கை வலித்திருக்கும். முதல் பெட்டி நிறைந்துவிட்டது. சாப்பிடக்கூட மறந்துபோனேன், அவ்வளவு சந்தோஷம்.

16 ஜூலை, புதன்

ஒரு அம்மா நெடுநேரம் வாசலிலேயே நின்றார். பெயர் ரெங்கம்மாள். அதே ஊர், காலனி.

“உள்ள வரலாங்களா?”

“வாங்கம்மா.”

“அங்க ரோட்டோரம் நின்னே கும்புட்டுட்டு வந்துடுவோம். எங்க ஆளுங்க கிட்ட போனதில்ல. சாமி எப்படி இருக்கும்னே தெரியாதுங்க.”

என்னைத் தொட விடவில்லை என்று குமைந்தேனே, நான் நின்ற இடத்துக்குக்கூட இவர் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

“அட, இத்தினூண்டுதானா!” என்று சிரித்துவிட்டார்.

கல்தானே, கை பட்டால் கரைந்தா போய்விடும்? ஞாயிறுதோறும் கேட்பவர்கள் எல்லார் கையிலும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ரெங்கம்மாள் மருமகளையும் அழைத்து வருகிறாராம்.

18 ஜூலை, வெள்ளி

பாலசுந்தரம் போன் செய்தார். “கண்டவங்க கையிலயும் சாமிய குடுக்குறீங்களாமே மேடம்? ஞாயித்துக்கெழம வரேன். எடுத்துட்டுப் போயிடுவேன்.”

கோபம் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. போய்விடுமோ? ஞாயிறு அன்று பெட்டியைப் பூட்டி வைத்தால் அவர் சமாதானமாகிவிடுவார், கல்லும் தங்கும். வாசலில் ரெங்கம்மாளிடம் என்னவென்று சொல்வேன்? முடியாது. பூட்ட மாட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

ஒரு வேன் நிறையக் காலனிப் பெண்கள் வந்திருந்தார்கள். பாலசுந்தரம் பெரிய மஞ்சப்பையோடு வந்தார், கூடவே கொளஞ்சியம்மாளும். என்னிடம் முகம் கொடுக்காமல் பூசாரி நேரே பெட்டியைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். வரிசையில் ரெங்கம்மாளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ஏய், என்ன பண்ற அங்க?”

“இருங்க, என் முறை வரட்டும்.”

முறை வந்ததும் கொளஞ்சியம்மாள் கல்லை ரெங்கம்மாள் கையிலிருந்தே வாங்கினார். தடவித் தடவிப் பார்த்தார். வெகுநேரம் கொடுக்கவே இல்லை. பூசாரி பையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“கோயிலுக்குக் கொண்டுபோனா மறுபடி என்னய தொட விடமாட்டீங்க. இங்கயே இருக்கட்டும்” என்றார் கொளஞ்சியம்மாள்.

பாலசுந்தரம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.