பக்க இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால்

இன்று மூன்றாம் பீரியடில் கணினித் திரையில் பேட்டரி தீப்பிடித்தது. நிஜ நெருப்பில்லை, பல்பே இல்லாமல் இரண்டு முனைக்கும் கம்பியை இழுத்துவிட்டால் சிமுலேஷனில் அப்படித்தான் படம் வரும். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினேன். நீ அங்கே நின்று, "ஏலே, தண்ணியக் கொண்டாங்க" என்று கத்த வேண்டிய நேரம் அது.

சாதாரணக் காய்ச்சல் என்று படுத்த நீ, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவே இல்லை. உன் பத்தாம் வகுப்பு என் தலையில் விழுந்தது. இத்தனை வருஷமும் அறிவியலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். உயிரியல் எனக்கு, இயற்பியல் உனக்கு. அட்டைப்பூச்சி, முயல் பாடம் என்றால் தூக்கத்திலும் நடத்துவேன். மின்சாரம் எனக்கு ஆகாது. முடியாவிட்டால் விடுங்கள், கைடைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லலாம் என்கிறார் தலைமையாசிரியர். உன் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? பயமாக இருக்கிறது. வகுப்பு என் கையிலிருந்து நழுவிக்கொண்டே போகிறது.

நம் பள்ளி லேபில் இருந்ததெல்லாம் பியூஸ் போன பல்புகள். அதனால்தான் நீ சிமுலேஷனைப் பிடித்தாய். திண்டுக்கல்லில் பஸ் ஏறி குஜிலியம்பாறை வருவதற்குள், மடியில் லேப்டாப்பை வைத்து எனக்குத்தான் முதலில் காட்டுவாய். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "சொல்லாத, போட்டுப் பாரு" என்பாய். வகுப்பில் சுவிட்சைத் தொடுமுன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் உள்ளங்கையில் எழுத வேண்டும். தப்பானாலும் அழிக்கக் கூடாது. அது உன் சட்டம். பக்க இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் எல்லாம் அணைந்துவிடும் என்று மொத்த வகுப்பும் எழுதியதே, நினைவிருக்கிறதா? திருவிழா சீரியல் செட்டில் ஒன்று போனால் சரமே இருண்டுபோவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வேறு எதை எழுதுவார்கள்? நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

இன்று நானும் எழுதினேன். "மங்கும்" என்று எழுதினேன். பக்க இணைப்பில் மூன்று பல்புகளைப் போட்டு, ஒன்றைக் கழற்றினேன். மற்ற இரண்டும் இம்மிகூட மங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் இதைத்தான் ஆறுதலாகச் சொன்னார். நாமெல்லாம் பக்க இணைப்பாம், ஒருவர் போனாலும் மற்றவர்கள் எரிவோமாம். பாவி மனுஷன். டைம்டேபிளில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியாயிற்று. மணி அடிக்கிறது, சத்துணவு வேகிறது, பஸ்ஸில் உன் இடத்தில் யாரோ உட்கார்ந்து தூங்குகிறார்கள். இதுவா ஆறுதல்?

முன் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். "ஏன் டீச்சர் மங்கல?"

விடை புத்தகத்தில் இருக்கிறது, நேற்றுதான் படித்தேன். வாயில் வரவில்லை. செத்த நேரம் இரு என்று வராந்தாவுக்கு வந்து, பழக்கதோஷத்தில் உன் நம்பரை அழுத்திவிட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார். வேலை பார்க்கும் தோல் மண்டியில் இருந்திருப்பார். பின்னால் லாரிச் சத்தம். சந்தேகம் கேட்க அடித்துவிட்டேன், மன்னியுங்கள் என்று உளறினேன்.

"எனக்கு கரண்டு பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. இருந்தாலும் கேளுங்க. இந்த போன்ல டவுட் கேட்டு யாரும் பேசி ரொம்ப நாளாச்சு."

கேட்டேன். ஒரு பல்பைக் கழற்றின பிறகும் மற்றதெல்லாம் ஏன் அண்ணே மங்காமல் எரிகிறது?

லாரிச் சத்தத்தை விட்டு அவர் தள்ளிப் போவது கேட்டது.

"மங்கலன்னு யாரும்மா சொன்னது?"

போனை வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியிலிருந்து தனி வழி, அதனால் மங்காது என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். கைடு வேண்டாம் என்று தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். தேர்வுக்கு அந்தத் தனி வழி விடை போதும். உன் வீட்டுக்காரர் சொன்ன விடையை யாருக்கும் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கிறது.