நீ சேவ் பண்ணாமல் விட்ட பெட்டி

என் அவசரக்குடுக்கைத் தம்பி ரூபனுக்கு,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்திக்கு வருவேன்.

நேற்றுக் காலை, நாம் நெட்வேர்க் போட்டுக்கொடுத்த கொட்டாஞ்சேனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. கரண்ட் போய், பற்றரியும் கைவிட்டு, கணினிகளை இணைக்க நீ பூட்டிய சுவிட்ச் பெட்டி அணைந்து, திரும்ப எழும்பியிருந்தது. மற்றக் கணினிகள் எல்லாம் வேலை செய்தன. ஸ்கேன் மெசினிலிருந்து மட்டும் ஒரு படமும் வெளியே போகவில்லை. பக்கவாதம் வந்த ஒருவரின் தலையை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சொல்லவேண்டிய டொக்டர் வேறு இடத்தில். இரத்தக்கட்டியா, கசிவா என்று தெரியாமல் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது. நேரம் போனால் ஊசியால் பயனும் இல்லை. போனில் பிடித்து அனுப்பிய படம் தெளிவில்லை என்றுவிட்டாராம்.

வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. சுவிட்ச் அறை வாசலில் நோயாளியின் மகள் நின்றாள்.

"அக்கா, அப்பாவின்ர படம் எப்ப போகும்?"

"இப்ப பாக்கிறன் தங்கச்சி" என்றபடி உள்ளே போனேன்.

நெட்வேர்க் வழியாக உள்ளே நுழைய முடியவில்லை. சுவிட்சோடு நேரே கதைக்க உன் பையிலிருந்த நீலக் கொன்சோல் கேபிளை எடுத்து, ஒரு முனையை லப்டொப்பிலும் மறுமுனையைச் சுவிட்சிலும் செருகினேன். திரை முழுக்கக் குப்பை எழுத்து. கழற்றிப் பூட்டினேன். மறுபடியும் குப்பை.

"மிஸ், டொக்டர் லைன்ல நிக்கிறார்" என்றார் தாதி.

அப்போதுதான் உன் குணம் நினைவுக்கு வந்தது. "அது மாட்டுவண்டி வேகம் அக்கா" என்று சொல்லி, ஊரெல்லாம் வைக்கும் கொன்சோல் வேகத்தை நீ கூட்டிவிடுவாயே! இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் கதைக்காவிட்டால் குப்பைதானே வரும்? லப்டொப்பிலும் கூட்டினேன். எழுத்துத் தெளிந்தது. சனியனே என்று உன்னை வாய்விட்டுத் திட்டினேன்.

உள்ளே பார்த்தால், பழையதெல்லாம் இருந்தது; புது ஸ்கேன் மெசினுக்கு நீ அமைத்த வழி மட்டும் இல்லை. செய்து முடித்தவன் சேவ் பண்ணவில்லை. இத்தனை நாளும் கரண்ட் இருந்ததால் ஓடியிருக்கிறது; கரண்ட் போனதும் அழிந்துவிட்டது.

அதுதானே உன் கடைசி வேலை? காய்ச்சலோடு போனாய். "முடிச்சிட்டுப் பிறகு டொக்டரிட்டப் போறன்" என்றாய். டெங்கு என்று தெரிந்தபோது பிந்திவிட்டது. அந்த ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு எப்படியடா இருந்தாய்? ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்துகொண்டு ஒரு டொக்டரிடம் காட்ட ஏன் உனக்குத் தோன்றவில்லை?

அழ நேரமில்லை. ஸ்கேன் மெசினின் கேபிள் எந்த ஓட்டையில் ஏறுகிறது என்று தடவிப் பார்த்து, நீ எழுதியிருக்கக்கூடிய வரிகளை நான் அடித்தேன். முதல் வேலையாகச் சேவ் பண்ணினேன்.

"படம் போகுது மிஸ்!" என்று தாதி கத்தினார்.

ஊசி போட்டார்கள். மாலையில் அந்த மகள் அழைத்தாள். "அப்பா கையைத் தூக்கினவர் அக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

நாளையிலிருந்து நீ பூட்டிய மற்ற இடங்களுக்கும் போகிறேன். எந்தெந்தப் பெட்டியில் நீ சேவ் பண்ணாதது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. அடுத்த முறை கரண்ட் போவதற்குள் ஒவ்வொன்றிலும் உன் கேபிளைச் செருகிச் சேவ் பண்ணிவிடுவேன். கொன்சோல் வேகத்தை மட்டும் நீ வைத்தபடியே விடுவேன்.

உன்னைத் திட்ட வேறு யாரும் இல்லாத,
உன் அக்கா