போன வருடப் பட்டியல்

என் சிநேகிதிக்கு,

இன்று காலை நம் கல்லூரி நூலகத்து ஸ்கேனர் சூடேறி, நீ என் பக்கத்தில் நின்று பக்கம் பக்கமாக ஏற்றச் சொல்லும்போது வருமே, அந்தக் கருகல் வாசனை கிளம்பியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அதன் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திங்கட்கிழமை வகுப்புகள் தொடங்குகின்றன. நீ நடத்திய கடலோர வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் வாசிப்புப் பட்டியல் இன்னும் வரவில்லை.

மற்ற ஆசிரியர்கள் பட்டியலை அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். எந்தப் புத்தகம் நம்மிடம் இருக்கிறது, எதை வாங்க வேண்டும், எந்த அத்தியாயத்தை ஸ்கேன் செய்து பாடத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் என் வேலை. நீ மட்டும் அனுப்பிய பிறகும் நேரில் வந்து நின்று மாற்றுவாய். கரை அரிப்புக்கு மனிதர்கள் காரணமே இல்லை என்று வாதிடும் கட்டுரையை வேண்டுமென்றே பட்டியலின் தலையில் வைப்பாய். "இத நீயே ஒத்துக்க மாட்டியேடி?" என்றால், "அதுக்குத்தான் மொதல்ல வெக்கறேன். பசங்க படிச்சிட்டு எங்கூட சண்டைக்கு வரட்டும்" என்பாய். அடுத்த வாரமே அவர்களைப் பிள்ளைச்சாவடிக்கு அழைத்துப் போய், பாதி கடலுக்குள் போன வீடுகளின் முன்னால் நிறுத்துவாய்.

பழைய பட்டியலை அப்படியே இந்த வருடத்துக்குக் கொண்டுவர எங்கள் மென்பொருளில் ஒரு பொத்தான் போதும். நீ அதைத் தொட விட்டதே இல்லை. "போன வருஷத்து சோத்த யாராவது போடுவாங்களா?" கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும், "அந்த ரெண்டாவது சேப்டர தூக்கிடு, வேற சொல்றேன்" என்றாய். அந்த வேறு எது என்று சொல்லாமலே போய்விட்டாய். எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியர் மதியம் வந்தார். இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர், பாவம். "டைமே இல்ல மேடம். அவங்க லிஸ்ட்டையே போட்டுடுங்களேன்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் பெயரோடு, உன் வரிசையோடு இன்னொரு வருடம் அது அப்படியே இருக்கும். கை பொத்தான்வரை போய்விட்டது. அழுத்த முடியவில்லை.

"ஒக்காருங்க சார். மொத வாரத்துக்கு மட்டும் இப்ப போடலாம். பசங்கள எதப் படிக்க வெக்கப் போறீங்க?" என்றேன்.

மாலைவரை உட்கார்ந்தோம். நீ தலையில் வைத்த கட்டுரையை எடுத்துவிட்டு, மீனவப் பெண்கள் பேசிய ஒலிப்பதிவு ஒன்றை வைத்தார். வாதாடிப் பார்த்தேன், மனுஷர் மசியவில்லை. கடைசியில் உன் பெயரை அழித்து அவர் பெயரை நானே தட்டினேன். அழுகை வந்துவிட்டது, இருமுவதுபோல் சமாளித்தேன்.

மூலக்குளம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பிள்ளைகள் அந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வருவார்களா, வகுப்பில் வாய் திறப்பார்களா என்று, ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்புக்கு முன்னால் நீ என்னைக் கேட்டு நச்சரித்ததுபோலவே, என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் பாடம் நடத்துகிறவளே இல்லை. நடத்தப்போகிறவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். உன் பயத்தை மட்டும் எனக்கு விட்டுப் போயிருக்கிறாய்.