தழும்பு தெரிகிற படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம், என் சௌக்கியத்தைக் கீழே சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

நீ வந்தபோது பிரஷர் மிஷினை வாங்கி வைத்து, உப்பைக் குறை, தினமும் நட, அளந்து படம் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாய். முதலில் ஒழுங்காகத்தான் இருந்தேன் கண்ணு. வாயைக் கட்டினேன், பூங்காவைச் சுற்றிச் சுற்றிக் கால் வீங்கியது. அப்படியும் அந்த மிஷின் துளிகூட இறங்கி வரவில்லை. அதன்மேல் கோபம் வந்துவிட்டது, என் கோபம் உனக்குத் தெரியாததா. ஊசிநூல் டப்பாவில் உப்பை ஒளித்து வைத்துப் போட்டுக்கொண்டேன், நடக்கப் போவதாகக் கிளம்பி முனை பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நீ படம் கேட்கிறாயே, அதற்கு உன் அண்ணியின் கையில் பட்டையைச் சுற்றி அளந்து, எண் மட்டும் விழும்படி எடுத்து அனுப்பினேன். அத்தைக்கு நாக்குதான் எஜமான் என்று உன் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் சொன்னவள், அன்று கட்டியிருந்த பச்சைப் புடவைகூட எனக்கு மறக்கவில்லை, அவளிடம் போய்க் கையை நீட்டு என்று கேட்டேன். உங்க கைக்கு என்ன அத்தை வந்துச்சு என்றாள். பட்டை நிக்கமாட்டேங்குது என்று புளுகினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், இந்த வயசுல நீயே நடந்து இறக்கிட்டம்மா, நானும் அப்படியே இறக்கிக்கிறேன், கையில இருக்கிற பிரஷர் மாத்திரை தீந்ததும் நிறுத்திடப் போறேன் என்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உப்புப் போட்டும். என் நாக்குக்கு நான் படலாம், நீ ஏன் பட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதே. நடையையும் விடாதே, உன் நடையாவது நிஜம்.

தபாலுக்குக் காத்திருக்க முடியாது, அண்ணியிடமே கொடுத்துப் போனில் அனுப்பச் சொல்கிறேன். அவள் படிப்பாள், படிக்கட்டும், பச்சைப் புடவையை நான் மன்னித்துவிட்டதாக மட்டும் நினைக்க வேண்டாம். நாளைக்கு டாக்டரிடம் அவள்தான் கூட்டிப் போகிறாள். இந்தக் கடிதத்தோடு ஒரு படம் வரும், எண் நன்றாக இல்லை, பயப்படாதே. மிஷினோடு என் கையும் விழும்படி எடுக்கச் சொன்னேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். என் முழங்கைக்குக் கீழே இருக்கிற தீக்காயத் தழும்பு உனக்குத் தெரியும், இனிமேல் அது தெரியாத படம் வந்தால் நம்பாதே.

உன் அம்மா