ஜப்பான் தேகப்பயிற்சியில் இளகிய ஸ்பீக்கர்

நேற்று மாதா கோயிலில் இருந்து உங்கள் ஸ்பீக்கர் பெட்டியைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். ஜப்பான்காரன் போய்விட்டானே, சயாமிலிருந்து திரும்பாதவர்களுக்குப் பூசையாம். கூட்டம் வெளியே வரை நிற்கும், ஃபாதரின் குரல் எட்டாதாம். ஸ்பீக்கர் மேலிருந்த துணியை விலக்கித் துடைத்தேன். நீங்கள் பலகை ஒட்டிய பசையின் வாசனை அடித்தது. உங்கள் கை வாசனையும் அதுதான்.

எத்தனை திட்டியிருக்கிறேன் உங்களை. துணிக்கே பஞ்சமான காலத்தில், கல்யாணத்தன்று போட்ட கோட்டைக் கொடுத்து ஸ்பீக்கரைத் தூக்கி வந்த புருஷன் ஜொகூரிலேயே நீங்கள் ஒருவர்தான். சீனத் தவுக்கே கடையில் இரண்டு இருந்தனவாம். படக்கொட்டகையில் இருந்து வந்த பழையது கேட்க இதம். ஆனால் அதன் கூம்புக் காகிதத்தை மெல்ல அமுக்கினால் உள்ளே கம்பிச்சுருள் உரசியதாம், நாள்பட உழைக்காதாம். அதனால் புதியதை எடுத்தீர்கள். உங்கள் கித்தாரை அதில் மாட்டி மீட்டியதும் தகரத்தில் ஆணி கீறியது போலக் கத்தியது.

"தாலி கட்டுன கோட்டக் குடுத்து இந்தச் சத்தத்தையா வாங்கியாந்தீங்க?"

"புதுக் காகிதம், வெறப்பாத்தான் இருக்கும் புள்ள. தினம் பாட விட்டா இளகிடும். கொஞ்சம் பொறு லா."

கித்தார் கம்பி அறுந்தால் வேறு கிடைக்காது. அதனால் தினமும் காலையில் வானொலியை அதில் இணைத்துவிடுவீர்கள். இச்சி, நி, சான் என்று எண்ணிக்கொண்டு ஜப்பான்காரன் தேகப்பயிற்சி சொல்லித் தர, நம் ஸ்பீக்கர் இளகிக்கொண்டிருந்தது. "அவனால நமக்கு இந்த உபகாரமாச்சும் ஆகட்டும்" என்பீர்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே நானும் சிரிப்பேன்.

கத்தல் பாதி அடங்கியபோதுதான் பெக்கோக் பக்க ரப்பர் தோட்டத்தில் இலவசப் படம், சாப்பாடு என்று ஜப்பான்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். படத்துக்கு முன் நீங்கள் வாசிக்க வேண்டுமாம்.

"சும்மா சோறு போடுறவனா அவன்? போகாதீங்க."

"பெரிய கொட்டாயில தெறந்து விட்டாத்தான் இதோட கொரலு தெரியும்."

வாசித்து முடித்ததும் கதவைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த ஆண்களையெல்லாம் லாரியில் ஏற்றி, சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். கணக்கெழுத வேண்டுமென்று அவர்கள் விட்டுவைத்த தோட்டத்துக் கிராணியார் பெட்டியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். "அன்னிக்கு என்னமா வாசிச்சாரு தெரியுமாக்கா, அழுதுட்டோம்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரே கேட்டதை நான் கேட்கவில்லையே.

இன்று பூசையில் ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். உங்கள் பெயரும் வந்தது. கீறல் இல்லை, தகரச் சத்தம் இல்லை. காதோடு பேசுவது போல அவ்வளவு இதமாக வந்தது. சுற்றி எல்லோரும் அழ, எனக்கு மட்டும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் சொன்னது சரிதான், இளகிவிட்டது.

அதை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று பூசை முடியும் முன்பே எழுந்து வீட்டுக்கு ஓடி வந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.