தட்டின் ஓரத்து அன்னாசி

ரோஜாக் பழக்கலவைத் தட்டை மேசையில் வைத்ததும் இறால் விழுதின் வாசம் எழுந்தது. கூடவே உன் ஞாபகமும். இது நடந்தது போன சனிக்கிழமை, தேக்கா உணவங்காடியில். வெள்ளரி, மாங்காய், மேலே பொடித்த வேர்க்கடலை, நடுவில் மஞ்சளாக அன்னாசி. "அன்னாசி வேண்டாம்" என்று கடைக்காரச் சீன ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார். இந்த ஊரில் அன்னாசி வேண்டாம் என்கிற பெண்ணுக்கு எந்த இனத்தாரும் ஒரே காரணத்தைத்தான் யோசிப்பார்கள். அதனால் வாயைத் திறக்காமல் வாங்கி வந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன். நீ அன்று செய்த மாதிரியே.

ஆமாம்டி. எட்டு வாரம்.

சாங்கி விமானச் சரக்கு அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. நீ சுவா சூ காங்கிலிருந்து எல்ஆர்டி ரயிலில் வந்து புக்கிட் பாஞ்சாங்கில் இறங்குவாய். அங்கே நான் காத்திருப்பேன், வேலைக்குப் போகும் ரயிலில் சேர்ந்தே ஏறுவோம். மூன்று வருடம் அந்த ரயிலில் நாம் வேறு எதைப் பேசினோம்? என் தேதி, உன் தேதி. கருமுட்டை வரும் நாளைக் காட்டும் பட்டைகளை மொத்தமாக வாங்கிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். சேர்ந்தே காப்பியைக் குறைத்தோம். நாலு மணியானால் அலுவலகப் பேன்ட்ரியில் உன் புட்டியிலிருந்து எனக்கும் ஒரு ஃபோலிக் அமில மாத்திரையைத் தட்டுவாய். ஒரு ஒப்பந்தமும் இருந்தது. யாருக்கு முதலில் வந்தாலும், கணவனுக்கு அடுத்தபடியாக மற்றவளுக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

நீ சொல்லவில்லை. உன் அன்னாசிதான் சொன்னது. வேலை முடிந்து வழக்கம்போலத் தேக்காவில் இறங்கி ஒரு தட்டு ரோஜாக் வாங்கியிருந்தோம். கடைசி அன்னாசித் துண்டுக்கு என்னோடு சண்டை போடுகிறவள், அன்று ஒவ்வொரு துண்டாக என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாய். ஐந்தாவது துண்டில் எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை வாரம்?"

"ஒம்பது." நீ தலை நிமிரவில்லை.

"அன்னிக்கே சொல்லணும்னு பேசினோம்ல?"

"மூணு மாசம் போகட்டும்னு மாமியார் சொன்னாங்கடி."

"மாமியார் சொன்னாங்களா, இல்ல என் கண்ணு பட்டுடும்னு நீயே பயந்தியா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீ. உனக்கு அது வராது. "கொஞ்சம் பயந்தேன் லா," என்றாய்.

அந்த ஐந்து துண்டுகளையும் உன் கண் முன்னாலேயே தின்றுவிட்டு எழுந்து போனேன். ரயிலில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் கரு தங்காமல் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் போகிற நேரம்தான். நீ பயந்ததில் தப்பில்லை.

அப்புறம் நான் வேறு ரயிலுக்கு மாறிக்கொண்டேன். உனக்கு ஒரு நாள்கூட வாந்தி கிடையாது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எல்லாம் நல்லபடி. அதை நீ அலுவலகத்தில் யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் நான் கீபோர்டைப் படபடவென்று தட்டுவேன். உன் வளைகாப்புக்குக் காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து, இந்நேரம் உனக்கு எத்தனை வளையல் ஏறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் மகளுக்கு இரண்டு மாதம் ஆன பிறகுதான் பார்க்க வந்தேன். நான் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்காருவதற்குள் அவளை என் மடியில் போட்டுவிட்டாய். "இப்ப பயமெல்லாம் இல்ல. உனக்கு வந்தா எனக்குச் சொல்லிடு. நான் செஞ்ச மாதிரி செய்யாத," என்றாய். சரி என்றேன். மடியில் அவள் கனத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு இரண்டு வயதானபோது, ஒரு காலையில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து நீ போய்விட்டாய். எல்லாவற்றிலும் என்னை முந்திக்கொள்கிறவள், இதிலுமா? என் கண்தானோ என்று பல நாள் மருகினேன். என் கணவர் கேட்டுவிட்டுத் திட்டினார். உன் வீட்டில் உன் தங்கை வாய்விட்டு அழுதாள். நான் சுவரோரம் நின்றேன். அப்படி அழ அவளுக்கு உரிமை இருந்தது என்று அவள் மேலும் பொறாமைப்பட்டேன்.

இப்போது எனக்குக் காலையும் மாலையும் வாந்தி. இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அன்னாசியை அளவாகச் சாப்பிடலாம் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன், ஆனாலும் வாயில் வைக்க மனம் வரவில்லை. கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. என் அக்காவுக்குக்கூட இல்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. அவளிடம் மறைத்த அன்றுதான் உன் மேல் இருந்த கோபம் தீர்ந்தது. பொறாமை தீரவில்லை. வாந்தியே இல்லாமல் எப்படியடி இருந்தாய்?

சனிக்கிழமை தேக்காவுக்கு நான் தனியாகப் போகவில்லை. உன் வீட்டுக்காரருக்கு அன்று வேலை. அதனால் வாராவாரம் உன் மகளை நான்தான் வெளியே கூட்டிப் போகிறேன். நாலு வயதாகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு என் தட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, பைனாப்பிள் யூ டோன்ட் வான்ட் ஆ?"

"கொஞ்ச நாளைக்கு வேண்டாம் கண்ணு."

"அப்போ நான் சாப்பிடவா?"

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். தங்காமல் போகட்டும் என்று நான் நினைத்த பிள்ளை, ஒரு துண்டை எடுத்து உன்னைப் போலவே ஒரு பக்கமாக மென்றாள். நான் குனிந்து அவள் காதில் சொன்னேன், ஆன்ட்டி வயிற்றில் ஒரு பாப்பா இருக்கிறது என்று.

"சீக்ரெட் ஆ?"

"ஆமா. யாருக்கும் சொல்லக் கூடாது."

அவள் யோசித்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சொன்னேன்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். உன்னை அவள் அம்மா என்று சொன்ன விதத்தைக் கேட்டதும் எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. நீ போன பிறகும் அந்தப் பொறாமை போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது.