யூதாஸின் அம்மா

அக்கா,

நேற்று மகள் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நடிகர்கள் சேர்ந்து இயேசுவின் பாடுகளை வேறு மாதிரி நாடகமாகப் போடுகிறார்கள், கோயில்காரர்கள் கோபப்படுகிறார்கள். "ஒரு நாடகத்துக்கா இவ்ளோ சண்டை?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் தையல் மிஷினுக்குப் பக்கத்து மிஷின் உன்னுடையது. சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்புறத்தில், பெரிய வெள்ளிக்குக் கோயிலில் போடும் பாஸ்கா நாடகத்துக்கு வசனம் எழுதுவாய். அந்த வருஷம் யாரும் நினைக்காத காட்சி ஒன்றை எழுதினாய். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் அம்மா சிலுவையடிக்கு வருகிறாள். மாதா அவளைக் கட்டிக்கொள்கிறாள். நான் மாதா. யூதாஸின் அம்மா நீ.

ஒத்திகையில் கோயில் பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "காட்டிக்குடுத்தவனைப் பெத்தவளுக்குக் கோயில்ல ஒப்பாரியா? ஜெயில்ல இருக்கிற உன் பையனுக்காகத்தான இதை எழுதின?"

உன் மகன் ஒரு சண்டையில் ஒருவனைக் குத்திவிட்டு வேலூர் ஜெயிலில் இருந்தான். குத்துப்பட்டவன் பிழைக்கவில்லை. அதன்பிறகு தெருவில் ஒருவரும் உன் வீட்டுப் படியேறியதில்லை.

"ஆமாங்க, அவனுக்காகத்தான்" என்றாய்.

காட்சியை எடுத்துவிட்டார்கள். அழும் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியாக உன்னை நிறுத்தினார்கள்.

பெரிய வெள்ளியன்று என் வசனம் முடிந்ததும் திரை விழ வேண்டும். மேடை ஓரத்தில், முக்காட்டுக்குள் உன் முகத்தைப் பார்த்தேன். கால் தானாக நடந்தது. உன் கையைப் பிடித்து நடுவே அழைத்து வந்தேன். "வா, ரெண்டு பேர் புள்ளைக்கும் சேர்த்தே அழுவோம்" என்றேன். நீ எழுதிய வசனம்தான். நீயோ யூதாஸை மறந்துபோய், ஊர் கேட்க உன் மகன் பெயரைச் சொல்லி அழுதாய். பெரியவர் வெளியே போய்விட்டார். மற்றவர்கள் அசையவில்லை.

மேடைக்குப் பின்னால் திட்டினாய். "இன்னாடி இப்டி பண்ணிட்ட? உன்னையும் ஒதுக்கிடுவாங்கடி." அப்படித்தான் ஆயிற்று; மறுவருஷம் நம் இருவருக்கும் வேஷமில்லை. ஆனால் நாடகம் முடிந்த மூன்றாம் நாள், ஈஸ்டர் காலையில், எதிர்வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கேசரியோடு உன் வாசலில் நின்றாள். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய்.

நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. மாதம் ஒருமுறை இப்போது நான்தான் வேலூர் பஸ் ஏறுகிறேன். போன முறை கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து உன் மகன் கேட்டான்.

"அம்மா நாடகத்துல நடிச்சாங்களாமே சித்தி, இன்னா வேஷம்?"

நீ அவனிடம் சொல்லவேயில்லை போலிருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நேரமாகிவிட்டது என்று காவலர் கூப்பிட்டபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அடுத்த மாசமும் வருவீங்களா சித்தி?"

"வராம எங்கடா போவேன்?" என்றேன்.